பாஞ்ச் காட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

வற்றிப்போன ஊற்றுகளை மீட்கிற வேலைக்கு உத்தராகண்ட் மலையில் இருக்கும் அல்மோரா போயிருக்கிறாய். "தண்ணீரைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் பாஞ்ச் மரத்தைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்ப்பா?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. ராணுவத்தில் இருந்தபோது ராணிக்கேத் பக்கம் அந்தக் காடுகளுக்குள்ளேயே நடந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

பாஞ்ச் என்பது இமயமலையின் ஒரு ஓக் மரம். சுமார் 1500 மீட்டரிலிருந்து 2300 மீட்டர் உயரம் வரை, அதாவது மனிதர்கள் வீடு கட்டி வயல் திருத்தி வாழ்கிற அதே உயரத்தில்தான் வளரும். ஒரு இலையைப் பறித்துப் பார். விளிம்பு ரம்பம் போல இருக்கும், மேலே கரும்பச்சை, திருப்பினால் வெள்ளையாகப் பஞ்சு படிந்த மாதிரி. காற்றடித்தால் மலைச்சரிவே வெளுத்துப் போகும்.

இலை முழுவதும் ஒரேயடியாக உதிராது என்பதால் குளிர்காலத்தில் புல் காய்ந்த பிறகு மாட்டுக்குப் பாஞ்ச் தழைதான். பெண்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மரமேறி, கிளையைக் கழித்து, தலைச்சுமையாக இறக்குவார்கள். கீழே கிடக்கிற சருகையும் விடமாட்டார்கள், கூடையில் வாரி வந்து தொழுவத்தில் பரப்புவார்கள், மாடு அதன் மேல் படுத்து எழுந்து சாணமும் மூத்திரமும் கலந்து மக்கியதும் அதுவே படிக்கட்டு வயலுக்கு எரு. ஆக, அங்கே விளைகிற கேழ்வரகிலும் அந்தக் காடு இருக்கிறது. விறகு நின்று எரியும், கரியும் நன்றாக வரும். ஏருக்கும் கோடரிப் பிடிக்கும் இந்தக் கட்டைதான் தாங்கும். ஆனால் காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும், அதனால் வீட்டு உத்தரத்துக்குத் தேவதாரு, பைன் என்று போவார்கள். அதன் இலையில் டஸ்ஸர் பட்டுப்புழுவும் வளர்க்கலாம்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். பாஞ்ச் காட்டுத் தரையில் கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும். மழை அந்தச் சருகிலும் மக்கிலும் பட்டு மெதுவாக மண்ணுக்குள் இறங்கி ஊற்றுக்குப் போகும், சரிவில் அடித்துக்கொண்டு ஓடாது. பைன் காட்டில் ஊசியிலை வழுக்கும், மே, ஜூனில் ஒரு பொறி போதும், சரிவே பற்றிக்கொள்ளும். ஆங்கிலேயர் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் பிசினுக்கும் பைனை வளர்த்தார்கள், ஊர்க்காரர்களை அவர்கள் காட்டிலிருந்தே தள்ளி வைத்தார்கள். 1921ல் அல்மோராவைச் சுற்றியுள்ள குமாவுன் பகுதி மக்கள் கோபத்தில் காடுகளுக்குத் தீ வைத்தபோது எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகள்தான். அதற்குப் பிறகுதான், 1931ல், ஊரே தன் காட்டைப் பார்த்துக்கொள்கிற வன பஞ்சாயத்து விதிகள் வந்தன.

மரத்தைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் காத்த சிப்கோ இயக்கம் என்றால் எல்லாரும் 1974ன் ரேணி கிராமத்தைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட மனசில் நிற்பது 1980ல் சமோலி மாவட்டத்து டூங்ரி பைந்தோலி கிராமம். சாலை, பள்ளி, மருத்துவமனை, மின்சாரம் எல்லாம் வரும் என்ற வாக்குறுதிக்காக ஊர் ஆண்கள் தங்கள் ஓக் காட்டை வெட்டக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். பெண்கள் விடவில்லை. காடு போனால் தழைக்கும் விறகுக்கும் மைல் கணக்கில் நடப்பது யார் என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

இதைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். ஊற்றுக்கு மேலே பாஞ்ச் கன்று நடத் திட்டம் போடும்போது ஆண்கள் மட்டும் உட்கார்ந்த கூட்டத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. தழை வெட்டுகிற பெண்களோடு காட்டுக்குப் போ. எந்தச் சரிவை எத்தனை காலம் வெட்டாமல், மேய்க்காமல் மூடி வைக்கலாம், எந்த மரத்தை இதற்கு மேல் கழித்தால் செத்துப்போகும் என்று அவர்கள் சொல்வார்கள். அளவுக்கு மீறி வெட்டினால் பாஞ்சும் பட்டுப்போகும், அந்த இடத்தில் பைன் நுழைந்துவிடும், பிறகு மீட்பது பெரும்பாடு.

அப்புறம், கொட்டை குளிர்காலத்தில் பழுத்து விழும். காய்ந்தால் முளைக்காது, பொறுக்கியதும் ஊன்றச் சொல், லங்கூர் குரங்கும் கரடியும் மிச்சம் வைத்தால்தான் உங்களுக்கு. முதல் சில வருஷம் வளர்ச்சியே தெரியாது. மேலதிகாரிகள் கணக்குக் கேட்டு அவசரப்படுத்துவார்கள், அதற்காக வேகமாக வளர்கிற வேறு ஏதோ ஒன்றை நட ஒத்துக்கொள்ளாதே.

அம்மா கம்பளிச் சட்டை பார்சல் போட்டிருக்கிறாள். வந்ததும் ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா