மாநிலத் தேர்தல் ஆணையருக்கு: மனு வாங்கும் முன்னே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. நாமக்கல், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைக்கும் திருநங்கையர் சார்பில் எழுதுகிறோம். திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியத்தில் திருநங்கை ரியா கவுன்சிலராக வென்றது 2020 சனவரியில். அதைப் பார்த்துப் பலருக்குத் தைரியம் வந்திருக்கிறது. ஆனால், ஓட்டுக் கேட்க வீதியில் இறங்கும் முன்பே வேட்புமனுப் பரிசீலனை மேசையில் மாட்டிக்கொள்ளும் நிலை.

சிக்கல் பெயரில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெற்றோர் வைத்த பெயர், பாலினம் ஆண். ஆதாரில் இப்போதைய பெயர். சாதிச் சான்றிதழோ பள்ளிக்கூடப் பெயரில். பட்டியல் சாதியினருக்கான வார்டில் நிற்க அந்தச் சான்றிதழ் வேண்டும். டெபாசிட்டில் பாதி மட்டும் கட்டவும் அதுவே வேண்டும். ஒரே ஆள், காகிதத்தில் மூன்று ஆள். எதிர்த்து நிற்பவர் ஆட்சேபம் சொல்ல இது போதும்.

திருத்திக்கொள்ள வழி இருக்கிறது, நாள்தான் இல்லை. முதலில் மாவட்ட ஆட்சியரிடம் திருநங்கை என்ற அடையாளச் சான்றிதழ். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்பு விதிகள் அதற்கு மட்டும் 30 நாள் தருகின்றன. அப்புறம் அரசிதழில் பெயர் மாற்றம், வாக்காளர் பட்டியலைத் திருத்தப் படிவம் 8, கடைசியில் சாதிச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம். முதல் காகிதம் தாமதமானால் பின்னால் இருப்பதெல்லாம் நிற்கும். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்தது என்பதால், அங்கே திருத்தாத பெயர் அப்படியே இங்கேயும் வரும். 2019-இல் மனுத் தாக்கலுக்குக் கிடைத்தது டிசம்பர் 9 முதல் 16 வரை. 17-ஆம் தேதி பரிசீலனை. எட்டு நாளில் இதில் எதை முடிப்பது?

அடுத்தது பெண்கள் வார்டு. நம் மாநிலத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-இல் உறுதிசெய்து விட்டது; அறுவைச் சிகிச்சையைக் கேட்கக் கூடாது என்றும் சொன்னது. அதற்கு முன், மத்தியப் பிரதேசத்தின் கட்னியில் பெண்களுக்கான மேயர் இடத்தில் மக்கள் ஓட்டில் வென்ற திருநங்கை கமலா ஜானை ஆண் என்று சொல்லிப் பதவியிழக்க வைத்தார்கள். இங்கே யாருக்கும் அந்தக் கதி வரக் கூடாது. அதனால்தான் சுற்றறிக்கை கேட்கிறோம்: திருநங்கை தன்னைப் பெண் என்று உறுதிமொழி கொடுத்தால் பெண்கள் வார்டு மனுவை ஏற்க வேண்டும், பெயர் வேறுபாட்டுக்கு உறுதிமொழிப் பத்திரம் போதும்.

வாடகைக்கு வீடு கொடுக்க மறுப்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. வீடு மாறினால் வார்டு மாறுகிறது, வார்டு மாறினால் ஓட்டு மாறுகிறது. ஐந்து வருசம் ஒரே தெருவில் குடியிருக்க விடாத ஊரில் ஒருத்தி எப்படித் தன் வார்டை உருவாக்குவாள்? பிரச்சாரத்துக்குக் கும்மியடிக்கக் கூப்பிடும் கட்சிகள் சீட்டுக் கொடுக்கும் நாளில் இவர்களை மறந்துவிடுகின்றன. அது உங்கள் அதிகாரத்தில் இல்லை என்று தெரியும், மன்னிக்கவும்.

உங்கள் அதிகாரத்தில் இருப்பது அந்தச் சுற்றறிக்கை. தேர்தல் அறிவிக்கைக்கு இரண்டு மாதம் முன்பே, தமிழில், ஒவ்வொரு தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் அனுப்பி, அலுவலக வாசலிலும் ஒட்டச் செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டுத் திருநங்கையரும் தோழர்களும்