தடவிப் பார்த்தால் தெரிய வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு உபயோகப் பொருள்களின் புது வடிவமைப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டன், நாப் எதுவும் இல்லாத வழவழப்பான டச் பேனலை முன்னேற்றம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்கள் காரைக்குடிப் பக்கம் பல பெரிய வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, பெரியவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமே என்று புது மாடலாகப் பார்த்து வாங்கி அனுப்புகிறார்கள். என் அப்பத்தாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் மிக்ஸி நாப்பை எந்தப் பக்கம், எத்தனை ‘டக்’ திருப்ப வேண்டும் என்று கைக்குத் தெரியும். கேஸ் அடுப்பும் அப்படித்தான். இண்டக்‌ஷன் அடுப்பில்தான் திணறுகிறார். அடையாளத்துக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தோம். பொட்டைத் தேடி விரலால் தடவும்போதே பக்கத்தில் உள்ள வேறெதுவோ வேலை செய்து சூடு கூடிவிடுகிறது. ஈரக் கை பட்டால் சில நேரம் அசையவே அசையாது. பால் பொங்கிப் பேனலில் வழிந்தால் ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு அணைந்துபோகிறது. தேடித் தொடுவதும் அழுத்துவதும் ஒன்றாகிப்போனதுதான் கோளாறு. வீட்டு உள்முற்றத்து வளவில் இருட்டிலும் சுவரைத் தடவியே சுவிட்சைக் கண்டுபிடித்துவிடுகிறார். தடவுவதால் விளக்கு எரிந்துவிடுவதில்லையே!

கம்பெனிகளின் கணக்கு புரிகிறது. மேலே கண்ணாடி, அடியில் ஒரு போர்டு என்றால் தனித்தனிப் பட்டன் செய்து பொருத்தும் செலவு மிச்சம். துடைப்பதும் சுலபம், அதை மறுக்கவில்லை. ஆனால் போர்டு போய்விட்டால், பட்டன் மாற்றுகிற செலவில் அது முடிவதில்லை.

கார்களில் மறுபடியும் பட்டன் பக்கம் காற்று திரும்பத் தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குக் கையால் தொட்டறியும் தனிப் பட்டனோ லீவரோ இருக்கிறதா என்பதையும் 2026 முதல் மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இயக்க வேண்டும் என்பதுதான் காரணம். அடுப்படிக்கு மட்டும் அது வேண்டாமா?

எல்லாவற்றுக்கும் பட்டன் கேட்கவில்லை. ஆன்-ஆஃப், சூடு கூட்டக் குறைக்க, இந்த இரண்டுக்காவது நாப் வையுங்கள். பழைய பட்டன் போனில் 5 என்ற எண்ணின் மேல் சின்னப் புள்ளி புடைத்திருக்குமே, மற்ற பட்டன்களிலும் அப்படி ஒன்று வைப்பதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி புதுப் பொருள்களை மதிப்பிட்டு எழுதும்போது, கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையால் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு, முடிந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வாசகி,
காரைக்குடி