பயிற்சித் துறைத் தலைவர்களே, அந்த ஆக்சிஜன் தொட்டியையும் காட்டுங்கள்

நிறுவனங்களின் பயிற்சித் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

தலைமைப் பண்புப் பயிற்சி என்று எங்களை ஹோட்டல் அரங்கில் உட்காரவைத்து, நிலவுக்குப் போகும் வழியில் விபத்துக்குள்ளான விண்கலத்தைப் பற்றி 1995-இல் வந்த 'அப்போலோ 13' படத்திலிருந்து வழக்கமான அந்தப் பத்து நிமிடத்தைப் போடுகிறீர்கள். வெள்ளை வெயிஸ்ட்கோட் அணிந்த நாசா கட்டுப்பாட்டு இயக்குநர் ஜீன் கிரான்ஸ், தோல்விக்கு இடமே இல்லை என்று முழங்குகிறார். என்ன கற்றுக்கொண்டோம் என்று கேட்கிறீர்கள். "மன உறுதி" என்கிறோம். மதிய உணவுக்கு எழுந்து போகிறோம்.

படம் நல்ல படம்தான். அந்த வசனம் திரைக்கதை எழுதியவர்களின் கைவண்ணம். கிரான்ஸ் அந்த நாட்களில் அப்படிப் பேசவில்லை. பிறகு அவருக்கே பிடித்துப்போய், 2000-இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளுக்கு அதையே தலைப்பாக வைத்துக்கொண்டார் என்பது வேறு கதை. என் குறையெல்லாம் நீங்கள் வெட்டி எடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தோடுதான்.

1970 ஏப்ரல் 13 இரவு ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் பணியில் இருந்தவர் கிரான்ஸ். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுப் பின் முறை மாறியது. கிளின் லன்னி பொறுப்பேற்றார். தாய்க்கலத்தில் மின்சாரம் வற்றிக்கொண்டிருக்க, நிலவில் இறங்குவதற்கான கலத்தை இயக்கி வீரர்களைக் காத்தது அவருடைய குழு. ஜெரி கிரிஃபின், மில்ட் விண்ட்லர் என்று இன்னும் இருவர் முறைவைத்துப் பார்த்தார்கள். கிரான்ஸ் தன் குழுவோடு தனியே போய், திரும்பி வருவதற்கான மின்சாரக் கணக்கை 26 வயது ஜான் ஆரனிடம் ஒப்படைத்தார். நெருக்கடியின் உச்சத்தில் நாற்காலியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தவரை, நாற்காலியை விடாதவராக எங்களுக்குக் காட்டுகிறீர்கள்!

இன்னொன்று. ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் அப்போலோ 10 ஒத்திகையில் இதேபோன்ற மின் இழப்பைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்த்தார்கள். நிலாக்கலத்தை நேரத்துக்குள் இயக்க முடியவில்லை. ஒத்திகைக் கணக்கில் வீரர்கள் இறந்துபோனார்கள். இப்படியெல்லாம் நடக்காது என்று பலர் அதை ஒதுக்கிவிட, நிலாக்கலப் பொறியாளர்கள் சிலர் மட்டும் விடாமல் வழிமுறைகளை எழுதிவைத்தார்கள். படத்துக்கு அது தேவையில்லை. பயிற்சிக்குத் தேவை.

ஆனால் இந்த மடலை நான் எழுதுவதே அந்தத் தொட்டிக்காக. 1968-இல் தொழிற்சாலையில் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்த தொட்டி அது. ஏவுவதற்குச் சில வாரங்கள் முன்பு நடந்த சோதனையில், உள்ளே நிரப்பிய ஆக்சிஜன் வெளியேற மறுத்தது. தொட்டியை மாற்றினால் தேதி தள்ளிப்போகும். எனவே ஹீட்டரை எட்டு மணி நேரம் ஓடவிட்டு ஆவியாக்கி வெளியேற்றினார்கள். பயணத்தின் தளபதி ஜிம் லவல் உட்பட எல்லோரும் இதற்குத் தலையாட்டினார்கள். சூடு மிகுந்தால் ஹீட்டரை நிறுத்த வேண்டிய பாதுகாப்பு சுவிட்ச் 28 வோல்ட்டுக்குச் செய்தது. ஏவுதளத்தில் கொடுத்ததோ 65 வோல்ட். 65-க்கு ஏற்ப மாற்றும்படி பல ஆண்டுகளுக்கு முன்பே உத்தரவு போயிருந்தது. சுவிட்ச் மட்டும் மாறவில்லை. ஒப்பந்த நிறுவனங்களும் கவனிக்கவில்லை, நாசாவும் கவனிக்கவில்லை. சுவிட்ச் உருகி ஒட்டிக்கொண்டது. ஹீட்டர் குழாய் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும் என்று பின்னர் கணித்தார்கள். வெப்பமானியோ சுமார் 27 டிகிரிக்கு மேல் காட்டாது. அதன் அளவுகோலே அத்தோடு முடிகிறது. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. உள்ளே கம்பிகளின் காப்புறை கருகிவிட்டது.

படத்தின் முடிவில் இந்தக் கோளாறு ஓரிரு வரிகளில் வந்து போகிறது. அதற்குள் நீங்கள் விளக்கைப் போட்டுவிடுகிறீர்கள்.

என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பத்து நிமிடத்தை வேண்டுமானால் போடுங்கள். தொடர்ந்து, எட்கர் கோர்ட்ரைட் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கையில் தொட்டியைப் பற்றிய பக்கங்களை அச்சிட்டுக் கொடுங்கள். யாரும் படிக்கக்கூடிய பொது ஆவணம்தான். பிறகு கேளுங்கள்: நம் அலுவலகத்தில் 27-க்கு மேல் காட்டாத மானி எது? தேதியைக் காப்பாற்றுவதற்காக நாம் எதற்கெல்லாம் தலையாட்டினோம்? சொல்பவரின் பெயர் ஆண்டு மதிப்பீட்டுக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த அரை மணி நேரம் மேலாளர்கள் வெளியே தேநீர் அருந்தப் போனால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
பயிற்சிகளுக்குத் தவறாமல் அனுப்பப்படும் ஓர் ஊழியர்