ஒன்பதாம் நாள் பூ: நம் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் போதகர் ஐயாமார்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

உங்கள் சபைகளுள் ஒன்றில் 12 ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள் நான். கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஆராதனையில் ஒவ்வொருவராக முன்வந்து சொல்லும் நம்முடைய சாட்சி நேரத்தைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. அதற்கு முன், நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு ஞாயிறு, தொடக்கநிலை நான்கு படிக்கும் பிள்ளைகளிடம், "இந்த வாரம் கர்த்தர் உங்களுக்குச் செஞ்ச அற்புதம் என்ன?" என்று கேட்டேன். ஒருத்தி கணக்குத் தேர்வு என்றாள். இன்னொருவன் தாத்தாவின் முழங்கால் என்றான். கடைசி வரிசைப் பையன் எழுந்து, "டீச்சர், எங்க புளோக் கீழ இருக்கிற மரத்துல வெள்ளையா பூ. நேத்து ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு எல்லா மரத்துலயும் இருக்கு" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிப்பா, அது பூ. அற்புதம் ஏதாவது இருந்தா சொல்லு."

பையன் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் மாலை மனசு கேட்காமல் அந்த புளோக்குக்குப் போனேன். தூங்குமூஞ்சி மரத்தின் கிளைக் கவட்டில் ஈரக் காகிதம் மாதிரி ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் மிச்சம். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அது மரக்கிளையில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட் செடியின் பூ. மொட்டு பாதி வளர்ந்ததும் நின்றுவிடுமாம். பெருமழை கொட்டி வெப்பம் திடீரென்று சில டிகிரி இறங்கினால்தான் மறுபடி வளரத் தொடங்கும். அன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள், அந்த மழை நனைத்த வட்டாரம் முழுவதும் ஒரே காலையில் பூக்கும், அந்த ஒரு நாளோடு வாடும். ஆயுள் ஒரு நாள் என்பதால், எல்லாச் செடியும் சேர்ந்து பூத்தால்தான் தேனீ ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியும். கடிகாரம் இல்லை, கைப்பேசி இல்லை. பாசிர் ரிஸ் மரத்துச் செடியும் தெம்பனிஸ் மரத்துச் செடியும் பேசிவைத்துக்கொண்டதுபோல் நாளைத் தவறவிடுவதில்லை.

அடுத்த பெருமழை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நாட்காட்டியில் ஒன்பதைக் கணக்கிட்டு வட்டம் போட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார். அந்த வியாழன் காலை பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது முதலில் வாசனைதான் வந்தது. அண்ணாந்து பார்த்தால், பறவைக்கூடு பெரணிக்குப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக ஒரு கூட்டம், தொண்டையில் மட்டும் மஞ்சள் தொட்டுவைத்த மாதிரி. ஒவ்வொன்றும் சிறகு விரித்த குட்டிப் புறா. என் பேருந்து போய்விட்டது. அடுத்ததையும் விட்டேன்.

அங்கே நின்றபோது மோசேயின் ஞாபகம் வந்தது. முட்செடி எரிகிறது, ஆனால் வெந்துபோகவில்லை. "நான் கிட்டப்போய் இந்த அற்புதகாட்சியைப் பார்ப்பேன்" என்றுதான் அவர் ஆட்டு மந்தையை விட்டு விலகுகிறார். அடுத்த வசனத்தைக் கவனியுங்கள். அவன் பார்க்கும்படி கிட்ட வருகிறதைக் கர்த்தர் கண்ட பிறகுதான் "மோசே, மோசே" என்ற அழைப்பு வருகிறது. நாங்கள் பிள்ளைகளுக்குச் செருப்பைக் கழற்றியதைச் சொல்கிறோம், எகிப்துக்குப் போனதைச் சொல்கிறோம். நின்று பார்த்ததை மட்டும் ஓட்டமாகத் தாண்டிவிடுகிறோம்.

மலைப் பிரசங்கத்திலும் இதே கதைதான். ஆகாயத்துப் பட்சிகளைக் "கவனித்துப் பாருங்கள்" என்கிறார் ஆண்டவர், காட்டுப் புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று "கவனித்துப் பாருங்கள்" என்கிறார். நாம் "கவலைப்படாதிருங்கள்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அதிலேயே நாற்பது நிமிடப் பிரசங்கம் வைக்கிறோம். (நம் ஆள்களுக்குக் குயில் பாட்டு என்றால் உயிர். அதே குயில் விடிகாலை 5 மணிக்கு ஜன்னலோரம் கூவினால் நகர மன்றத்துக்குப் புகார் போகிறது.)

குறைக்கு வருகிறேன். நம் சபைகளில் 'அற்புதம்' என்ற சொல் சுருங்கிவிட்டது. வேலை அனுமதி கிடைத்தது, கட்டி கரைந்தது, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ.யில் நல்ல புள்ளி வந்தது என்றால்தான் ஒலிவாங்கி கைக்கு வரும். இவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி அற்புதம் நடக்காத வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வாராவாரம் உட்கார்ந்து கைதட்டுகிறார். கிறிஸ்துமஸ் வந்தால் 'அவர் நாமம் அதிசயமானவர்' என்று மேடைக்குப் பின்னால் எழுத்து வெட்டி ஒட்டுகிறோம். ஜனவரியில் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

"வலியில் வருகிறவனிடம் போய்ப் பூவைப் பார் என்பீர்களா?" என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாவற்றையும் இழந்து வலியில் கிடந்த யோபுவுக்கு ஆண்டவர் பேசியதைத் திறந்து பாருங்கள். ஏன் இந்தத் துன்பம் என்பதற்கு அதில் ஒரு விளக்கமும் இல்லை. உறைந்த மழை, விடியற்காலம், வரையாடு ஈனும் காலம், தீக்கோழி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறார். என் அம்மா கடைசி ஆறு மாதம் 11ஆம் மாடியில் படுக்கையில் இருந்தார். இந்த ஊரில் ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டியே விடியும், பருவம் மாறுவதே தெரியாது. அப்படியிருந்தும் தினமும் திரையை விலக்கச் சொல்லி, "ஸ்தோத்திரம்பா, இன்னிக்கும் வெளுத்துடுச்சு" என்பார். அது பழக்கத்தில் வந்த வார்த்தை இல்லை. குரலில் ஆச்சரியம் இருக்கும். அம்மா ஒருநாளும் சாட்சி சொல்ல மேடை ஏறியதில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சாட்சி நேரத்தில் ஒருவர் மழையைப் பற்றியோ பேத்தியின் முதல் பல்லைப் பற்றியோ சொன்னால், அடுத்தவரை அழைக்க அவசரப்படாதீர்கள். மாதம் ஒரு ஞாயிறாவது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை வெளியே விடுங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கு வடக்கிலிருந்து கடல் தாண்டி வலசைப் பறவைகள் வருகின்றன. பட்சிகளைக் கவனிக்கச் சொன்ன பாடத்தைக் குளிரூட்டிய அறையில் வண்ணம் தீட்டித்தான் நடத்த வேண்டுமா?

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் பக்கம் பேய்மழை. எண்ணிப் பார்த்தேன், ஒன்பதாம் நாள் வருகிற ஞாயிறு. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எந்த மரம் என்று அவன்தான் வழிகாட்டப் போகிறான். காலை எட்டரைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஆராதனைக்கு முதல் பாட்டு முடிந்து வந்தால், பின்வரிசையில் கொஞ்சம் இடம் வைத்திருங்கள்.

உங்கள் சபைச் சகோதரி,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை