விசில் ஊதாமலே கிளம்பும் வண்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் "சார், இன்லேண்டு லெட்டர்!" என்று புதையல் எடுத்த மாதிரி நீட்டினார். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. பேரன் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டான். என்னிடம் அறிவியல் படிக்க மாட்டானாம், நான் கதை சொல்லி நேரத்தை வீணாக்குகிறேனாம். சரி, அந்தக் கதையை உனக்காவது சொல்கிறேன்.

தங்கச்சிக்கு ரத்தப் புற்றுநோயால் (நாள்பட்ட மைலாய்டு லுகேமியா) ஏறியிருந்த வெள்ளையணு எண்ணிக்கை 1,40,000இலிருந்து 7,000க்கு இறங்கிவிட்டது என்று படித்ததும் கடிதத்தை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மீதியைப் படித்தேன். "அதான் நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்குத் தினமும் மாத்திரை" என்று வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிடுகிறாள், அவள் சொல்வதும் நியாயந்தானே என்று எழுதியிருக்கிறாய். நியாயமே இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ராஜபாளையம் தென்காசி வண்டியில் நீ எத்தனை வருஷம் கண்டக்டராக இருந்தாய்! புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றும்போது டிரைவருக்குப் பின்னால் நடப்பது என்ன தெரியும்? உன் இரண்டு விசில் கேட்டால் கிளம்புவார், ஒரு விசில் என்றால் நிறுத்துவார். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் அப்படித்தான். தன் இஷ்டத்துக்கு இரண்டாகப் பிரிந்துவிடாது. வெளியிலிருந்து சொல் வர வேண்டும்.

சொல் வந்து சேருவதில்தான் சிக்கல். செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்பால் ஆன ஒரு சவ்வு. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு தடிமன்கூட அதற்குக் கிடையாது. 1925இல் ஹாலந்துக்காரர்கள் இருவர், கோர்ட்டர், கிரெண்டல் என்று பெயர், சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பி அளந்து பார்த்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. சவ்வு இரண்டு அடுக்கு என்பது அப்படித்தான் பிடிபட்டது. இந்தக் கொழுப்புப் படலத்தைத் தாண்டி, வளரச் சொல்லும் புரதங்கள் உள்ளே போக முடியாது. ஆகவே சவ்வைத் துளைத்துக்கொண்டு சேதி வாங்கும் புரதங்களான சில ஏற்பிகள் நிற்கின்றன, தலை வெளியே, வால் உள்ளே. சேதி கொண்டுவந்த புரதம் தலையில் உட்கார்ந்ததும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும். ஒன்றின் வாலில் மற்றொன்று பாஸ்பேட் என்ற சின்ன வேதித்துண்டை ஒட்டும். அவ்வளவுதான் விசில். சொன்னவர் வாசலிலேயே நின்றுவிட, சொல் மட்டும் கை மாறிக் கை மாறி உட்கருவரை போய்விடும்.

இதில் எனக்குப் பிடித்தது ஊதுவது அல்ல, ஓய்வது. ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்துப் போடவென்றே வேறு நொதிகள் அலைகின்றன. விசில் கேட்ட ஏற்பியைச் சவ்வோடு சேர்த்துச் செல் உள்ளே விழுங்கியும் விடும். எலும்பு மஜ்ஜையில் விநாடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் உண்டாகின்றன. இவ்வளவு அவசரத்திலும் கணக்குத் தப்பாமல் இருப்பது இந்த ஓய்ச்சலால்தான்.

செல் பிரிவதை நீ பார்த்ததில்லை. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத்தைத் தண்ணீர் டம்ளர் மேல் உட்கார வைப்போம். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் தொங்கும். அதன் நுனியை வெட்டி, சாயம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, கண்ணாடி மேல் வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பு நூல்துண்டுகளாக, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள், நடுவில் வரிசை கட்டியவை, இரண்டு பக்கமும் விலகுபவை. வெங்காயத்துக்கு நடுவில் சுவர் எழும்பும். நம் செல்லுக்குச் சுவர் கிடையாது. சவ்வுக்கு உட்புறம் இடுப்பைச் சுற்றி ஒரு புரத வளையம் உண்டாகி இறுக்கும், உன் அம்மா இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பை மாதிரி. இறுகி இறுகி இரண்டாகும்.

இப்போது தங்கச்சி விஷயம். 1960இல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இதே நோய்க்காரர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். நோவெலுக்குக் குரோமோசோம் கண்ணில் பட்டதே ஒரு கைத்தவறு போலத்தான். சாயம் ஏற்றுமுன் செல்களைக் குழாய்த் தண்ணீரில் அலசினார். தண்ணீர் சவ்வு வழியே உள்ளே இறங்கி, செல் உப்பி, குரோமோசோம்கள் விலகித் தெரிந்தன. 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கத்தரித்து அடுக்கிப் பார்த்து, 22ஆம் குரோமோசோமிலிருந்து ஒரு துண்டு 9க்கு இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். 9இலிருந்தும் ஒரு துண்டு 22க்குப் போயிருப்பது பின்னால் தெரிந்தது. அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம்.

மாறிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டன. அதிலிருந்து வரும் புரதம் பாஸ்பேட் ஒட்டுகிற ரகம், ஆனால் நிறுத்தத் தெரியாதது. வாசலில் யாரும் சேதி சொல்லவில்லை, சவ்வில் ஏற்பி அசையவில்லை, உள்ளே மட்டும் விசில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கண்டக்டர் கீழே நிற்க வண்டி கிளம்பிவிட்டது என்று வை. அந்த 1,40,000 அப்படி வந்ததுதான்.

தங்கச்சி சாப்பிடும் இமாட்டினிப் மாத்திரை அந்தப் புரதத்தில், ஏ.டி.பி. (செல்லுக்குள் சக்தி சுமக்கும் மூலக்கூறு) வந்து உட்காரும் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாஸ்பேட்டைக் கொடுப்பதே ஏ.டி.பி.தான். அதற்கு இடம் இல்லையென்றால் விசில் இல்லை. ஆனால் குரோமோசோமில் நடந்த மாற்றத்தை மாத்திரை திருத்துவதில்லை. அந்தக் குட்டைக் குரோமோசோமோடு ரத்த அணுக்களை உண்டாக்கும் சில மூலச் செல்கள் மஜ்ஜையில் இன்னும் இருக்கும். இன்று போட்டது இன்றைக்கு உட்காரும், நாளைக்கு நாளை போட வேண்டும். 7,000 என்பது மாத்திரை உட்கார்ந்திருப்பதன் கணக்கு, நோய் போய்விட்டதன் கணக்கு அல்ல. சில வருஷம் ரத்தச் சோதனையில் சுவடே தெரியாமல் இருந்தால் டாக்டரே நிறுத்திப் பார்ப்பதுண்டு, அதுவும் அடிக்கடி சோதித்துக்கொண்டு. அந்த முடிவு அவருடையது, நம்முடையது அல்ல.

காலையில் கண் இமை வீங்குகிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றாளாமே, அதனால்தான் விடுகிறாள் என்று நினைக்கிறேன். இந்த மாத்திரைக்கு அது வழக்கம். மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல். வெறும் வயிற்றில் போட வேண்டாம், சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு.

இன்னொன்று. இந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2013 ஏப்ரலில் நிறுவனம் தோற்றது. அவர்கள் மாத்திரை மாதம் லட்சத்துக்கு மேல் விற்றது. அதனோடு ஒப்பிட்டு, மலிவு மாத்திரைக்கு நீ மருந்துக்கடையில் கொடுக்கும் பணத்தை நினைத்துப் பார். மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டவா வாங்குகிறோம்?

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை கோயம்புத்தூர் வருகிறேன். தங்கச்சிக்குப் பால்கோவா ஒரு கிலோ, உனக்குச் சர்க்கரை என்பதால் வாசனை மட்டும். வந்ததும் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுவேன் என்று அவளிடம் சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்