மொத்தக் குறுஞ்செய்தி வாங்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தைப்பூசம் நெருங்கிவிட்டாலே தண்ணீர் பந்தல் குழுக்கள், கோயில் நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் என்று பலர் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள நம் கடைக்கு வந்து, "எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தகவல் போக எந்தப் பேக்கேஜ் எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலான சங்கங்களுக்குப் பேக்கேஜே தேவையில்லை என்பதுதான் எங்கள் பதில். நன்கொடைப் பணம் அன்னதானத்துக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் போகட்டும்.

முதலில் புலனம், அதாவது வாட்ஸ்அப். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அலுவலகத்தில் 04 என்று தொடங்கும் தரைவழித் தொலைபேசி இருந்தால் அந்த எண்ணிலேயே பதியலாம்; சரிபார்ப்பு எண்ணை அழைப்பில் கேட்டுக்கொண்டால் போதும், தனி சிம் வேண்டாம். அறிவிப்புக்குக் குழு சரிப்படாது. ஒருவர் நன்றி சொன்னால் வரிசையாக எல்லாரும் சொல்வார்கள், கூட்ட நேரம் எங்கோ மேலே போய்விடும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்; ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், பதில் உங்களுக்கு மட்டும் வரும். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். உறுப்பினர் பாரம் நிரப்பும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் குறுஞ்செய்திதான் வழி. அவர்களை விட்டுவிட வேண்டாம். அப்புறம், இங்கேதான் பலருக்குப் பில் எகிறுகிறது. ரோமன் எழுத்தில் ஒரு செய்திக்கு, இடைவெளியையும் சேர்த்து, 160 குறிகள், தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி. 'தைப்பூசம்' கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் 9. எழுபதைத் தாண்டினால் பகுதிக்கு 67 என்று பிரிப்பார்கள். 200 குறி என்றால் மூன்று பகுதி. 300 பேருக்கு அனுப்பினால் 900 செய்திக்குக் காசு. மலாயில் எழுதிக் கடைசியில் ஒரு கைகூப்பும் இமோஜி போட்டாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

அதற்காகத் தமிழை ரோமன் எழுத்தில் எழுதாதீர்கள். பெரியவர்களுக்குப் படிக்கச் சிரமம். சுருக்கினால் போதும்: "தண்ணீர் பந்தல் கூட்டம், ஞாயிறு மாலை 5 மணி, கோயில் மண்டபம்." இது 58 குறி. இணைய இணைப்பு எதையும் சேர்க்காதீர்கள். மோசடியைத் தடுக்க அப்படிப்பட்ட குறுஞ்செய்திகளை இங்கே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் முடக்கிவிடுகின்றன. தைப்பூசத்தன்று கூட்டத்தில் டேட்டா திணறும்போது, பந்தல் தொண்டர்களுக்கும் குறுஞ்செய்தியையே நம்புங்கள்.

எங்களுக்கு உண்மையிலேயே கவலை தருவது இன்னொன்று. பல சங்கங்களின் எண் செயலாளரின் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் ஆள் மாறினால் எண்ணும் அவரோடு போகும். ப்ரீபெய்ட் என்றால், டாப் அப் செய்யாமல் காலாவதியாகி வேறொருவர் கைக்கே போகலாம். உறுப்பினர்கள் நன்கொடை விவரத்தை அந்த ஆளுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். எண்ணைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள். புலனத்தின் இருபடிச் சரிபார்ப்புக் குறியீட்டைச் சங்கக் கோப்பில் எழுதி வையுங்கள். கட்டணம் அதிகமாக இருக்கிறது என்று எண்ணைக் கைவிட வேண்டாம். எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி மலேசியாவில் 2008 முதல் இருக்கிறது.

சங்கப் பதிவுச் சான்றிதழையும் கடைசி மூன்று மாதப் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். எது தேவை, எதை நிறுத்தலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம். சங்கங்களிடம் இதற்குக் காசு வாங்குவதில்லை.

அன்புடன்,
கடை நிர்வாகம்