மாணவர் விசாவில் கொத்து வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெளிநாடுகளில் உழைக்கும் வட கொரியத் தொழிலாளர்களை 2019 டிசம்பர் 22-க்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2017-இல் தீர்மானம் போட்டது. ரஷ்யாவும் சீனாவும் கைதூக்கியவைதான். அப்புறம் என்ன? ரஷ்யாவில் மாணவர் விசாவில் வந்து இறங்குகிறார்கள். செய்வதோ கொத்து வேலை, பூச்சு வேலை. பாஸ்போர்ட் மேலாளர் பெட்டியில். தனியாகக் கடைத்தெருவுக்குப் போகக்கூட அனுமதி கிடையாது. சம்பளத்தில் பெரும்பகுதி பியோங்யாங்கில் இருக்கும் வட கொரிய அரசுக்குப் போய்விடுகிறது. ஓடிவிடலாம் என்றால், ஊரில் பிணையாக மனைவி மக்கள்! வட கொரியா மீதான இந்தத் தடைகளைக் கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழுவின் பதவி நீட்டிப்பையும் 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டுத் தடுத்துவிட்டது. சரி, இவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களின் பெயர்களையாவது மற்ற நாடுகள் வெளியிடலாமே.

– வாசகர், திருச்சி